இடுப்பெலும்பு "விலகல்": எஸ்.ஐ. மூட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உங்கள் இடுப்பு விலகியிருக்கிறது" என்கிறார் கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சிகிச்சை செய்பவர்). எலும்பு நிஜமாகவே இடம் மாறிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் வலி பொய்யல்ல, சிகிச்சைக்குப் பிறகு கிடைக்கும் சுகமும் பொய்யல்ல. ஆனால் "எலும்பு நகர்ந்துவிட்டது, அதைத் திரும்பத் தள்ளி வைக்கிறேன்" என்ற விளக்கத்தை அளந்து பார்த்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஒரு மூட்டு வலிப்பதற்கு அது இடம் மாறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. விலகல் என்ற சொல் நோயாளியின் மனதில் உண்டாக்கும் பயம், பல நேரம் மூட்டில் இருக்கும் கோளாறைவிடப் பெரிதாக வளர்ந்துவிடுகிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

எஸ்.ஐ. மூட்டு என்பது எங்கே இருக்கிறது?

முதுகெலும்பின் அடியில், ஐந்து துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து உருவான முக்கோண எலும்பு சாக்ரம். அதன் இரு பக்கமும் இறக்கை போல விரிந்திருப்பவை இலியம் எலும்புகள். சாக்ரமும் இலியமும் சந்திக்கும் இடம்தான் சாக்ரோஇலியாக் மூட்டு, சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு. வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று. முன்பக்கம், அடிவயிற்றின் கீழே, இரண்டு பூப்பெலும்புகளும் ஒரு குருத்தெலும்புத் தட்டால் இணைகின்றன. ஆக மொத்தம் இடுப்பு என்பது மூன்று இணைப்புகள் கொண்ட ஒரு வளையம்.

வளையம் என்பதை நினைவில் வையுங்கள். வலது இலியம் மட்டும் தனியாகப் பின்னால் சுழன்றுவிட்டது என்று யாராவது சொன்னால், முன்னால் இருக்கும் பூப்பெலும்பு இணைப்பும் அதற்கு ஏற்ப முறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த இணைப்பும் சாதாரணமாக ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் விட்டுக்கொடுப்பதில்லை. வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் தன்னிஷ்டத்துக்குத் திரும்ப முடியாது.

மூட்டின் பரப்பு காது மடலின் வடிவில், பக்கவாட்டில் பார்த்தால் 'எல்' எழுத்துப்போல வளைந்திருக்கும். சிறு வயதில் இது ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு இலியம் பக்கம் மேடும் சாக்ரம் பக்கம் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி மாறுகிறது. வயதாக ஆக இன்னும் சொரசொரப்பாகும். முதிய ஆண்களில் இரண்டு எலும்புகளுக்கும் இடையே எலும்புப் பாலமே உருவாகிவிடுவது உண்டு.

சரி, அது எவ்வளவுதான் அசையும்?

தோலின் மேல் கை வைத்து இதைத் துல்லியமாக அளக்க முடியாது. அதனால் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஸ்டூரெசனும் குழுவினரும், 25 நோயாளிகளின் இடுப்பெலும்புகளில் டான்டலம் என்ற உலோகத்தின் நுண்ணிய குண்டுகளைப் பதித்து, இரு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, படுத்த நிலையிலிருந்து நிற்கும்போதும் உட்காரும்போதும் என்ன மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். 1989-ல் வெளியான முடிவு: சராசரிச் சுழற்சி சுமார் 2.5 பாகை, சராசரி இடப்பெயர்ச்சி சுமார் 0.7 மில்லிமீட்டர். வலிக்கும் பக்கத்துக்கும் வலிக்காத பக்கத்துக்கும் அசைவில் வித்தியாசம் தெரியவில்லை.

இந்தக் கடைசி வரிக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைத்ததில்லை என்பது என் கருத்து. "மூட்டு இறுகிவிட்டது" என்றும் "மூட்டு தளர்ந்துவிட்டது" என்றும் இரண்டு விதமாகவும் நோயாளிகளிடம் சொல்லப்படுகிறது. எலும்பில் குண்டு பதித்து அளந்தபோதோ இரண்டுமே தெரியவில்லை.

இவ்வளவு குறைவாக அசைவதற்கு எதற்கு ஒரு மூட்டு? ஒரே எலும்பாக இருந்திருக்கலாமே?

நல்ல கேள்வி. உடலின் மேற்பகுதி எடை முழுவதும் முதுகெலும்பு வழியே சாக்ரத்தில் இறங்கி, அங்கே இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் போகிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தரையின் எதிர்விசை கால் வழியே மேலே வருகிறது. இரண்டும் மோதும் இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் தன்மை இல்லாவிட்டால் எலும்பில் விரிசல் விழும். எஸ்.ஐ. மூட்டின் வேலை அசைவதைவிட, விசையைப் பகிர்ந்து கடத்துவதுதான். பெண்களுக்குப் பிரசவத்தின்போது வளையம் சிறிது விரிய வேண்டிய தேவையும் இருக்கிறது. பொதுவாகப் பெண்களின் மூட்டு ஆண்களுடையதைவிடச் சற்று அதிகம் அசையும்.

அசைவின் திசையையும் சொல்லிவிடுகிறேன். சாக்ரத்தின் மேல் விளிம்பு முன்னோக்கித் தலையாட்டுவது போலச் சாய்வதை நியூட்டேஷன் என்பார்கள். எதிர்த்திசையில் போவது எதிர்நியூட்டேஷன். நிற்கும்போது, எடை தூக்கும்போது நியூட்டேஷன் நடக்கிறது. அப்போது சாக்ரத்தின் கீழ்ப்பகுதியை இடுப்பெலும்போடு இணைக்கும் உறுதியான லிகமென்ட்கள் (நார்ப் பட்டைகள்) இழுபட்டு மூட்டு இறுகுகிறது. சரிந்து உட்காரும்போது எதிர்த்திசையில் போய், மூட்டின் பின்னால் நீளவாக்கில் ஓடும் லிகமென்ட் இழுபடுகிறது. நீண்ட நேரம் கூனி உட்கார்ந்துவிட்டு எழும்போது பின்னிடுப்பின் ஓரத்தில் சுருக்கென்று பிடிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எலும்பு விலகியதால் என்று நினைக்கத் தேவையில்லை.

மூட்டை இடத்தில் பிடித்து வைப்பது எது?

விலகல் பற்றிய பயம் குறைய வேண்டுமானால் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1990-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த விளீமிங், ஸ்னைடர்ஸ் குழுவினர் இதற்கு இரண்டு பகுதிகள் கொண்ட ஒரு விளக்கத்தைத் தந்தார்கள். ஒன்று, எலும்புகளின் வடிவமே தரும் பூட்டு. மற்றொன்று, தசைகளும் லிகமென்ட்களும் அழுத்திப் பிடிப்பதால் வரும் பூட்டு.

ஒரு விறகுச் சுமையை நினைத்துப் பாருங்கள். கட்டைகள் கரடுமுரடாக இருப்பதால் ஒன்றோடொன்று சிக்கி நிற்கும். ஆனாலும் கயிற்றை இறுக்கிக் கட்டினால்தான் தலையில் தூக்கி நடக்க முடியும். சொரசொரப்பு முதல் வகைப் பூட்டு, கயிற்றின் இறுக்கம் இரண்டாவது வகைப் பூட்டு.

அந்தக் "கயிறு" எது என்பது முக்கியம். எஸ்.ஐ. மூட்டை அசைப்பதற்கென்றே தனியாக ஒரு தசை இல்லை. ஆனால் மூட்டுக்குக் குறுக்காக விசை செலுத்தும் தசைகள் பல இருக்கின்றன. வலது பின்புறத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மாக்சிமஸ், கீழ்முதுகின் தடித்த திசுப் படலம் வழியாக இடது முதுகின் லாட்டிஸிமஸ் டார்சி தசையோடு தொடர்புகொள்கிறது. நடக்கும்போது வலது காலும் இடது கையும் சேர்ந்தே வீசப்படுவதால் இந்த இரண்டும் சேர்ந்து மூட்டை அழுத்துகின்றன. அடிவயிற்றின் ஆழத்தில் இருக்கும் டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் தசையை இறுக்கினால் எஸ்.ஐ. மூட்டின் தளர்வு குறைகிறது என்று 2002-ல் ஒரு ஆய்வு காட்டியது. இடுப்புத்தளத் தசைகள், தொடையின் பின்தசை, புட்டத்தின் ஆழத்தில் இருக்கும் பிரிஃபார்மிஸ் தசை ஆகியவையும் இந்தக் கூட்டணியில் உண்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் லிகமென்ட்கள் நிரம்பிக் கிடக்கின்றன. அவை உடலின் மிக உறுதியான லிகமென்ட்களில் அடங்கும். குனிந்து எதையோ எடுத்ததற்கும், தும்மியதற்கும் இடம் மாறிவிடுகிற அமைப்பு இது இல்லை.

அப்படியானால் கைரோபிராக்டிக்கில் இந்த மூட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை கைரோபிராக்டிக். எலும்புகள் சிறிது இடம் பெயர்ந்து நரம்புகளின் வேலையைக் கெடுக்கின்றன, அதைச் சரிசெய்ய வேண்டும் என்பது ஆரம்பக் கோட்பாடு. "சப்லக்சேஷன்" என்ற சொல் அந்தப் பொருளில்தான் வந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1905-ல் கோல்ட்த்வெய்ட், ஆஸ்குட் என்ற எலும்பு மருத்துவர்கள் இடுப்பு மூட்டுகள் முதுகுவலிக்குக் காரணமாகலாம் என்று எழுதினார்கள். அதனால் அந்தக் காலத்தில் பொது மருத்துவமும் இந்த மூட்டை சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. 1934-ல் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை விவரித்த பிறகு மருத்துவத்தின் பார்வை டிஸ்க் பக்கம் போய்விட்டது. கைரோபிராக்டிக் மட்டும் இடுப்பை விடவில்லை.

கிளாரன்ஸ் கான்ஸ்டெட் என்ற விஸ்கான்சின் கைரோபிராக்டர், இடுப்பைக் கட்டடத்தின் அடித்தளமாகப் பார்த்தார். அடித்தளம் சமமாக இல்லாவிட்டால் மேலே உள்ள முதுகெலும்பும் சமமாக இருக்காது என்பது அவர் வாதம். அவர் வழியில் வந்தவர்கள் இன்றும் உங்கள் சிகிச்சைச் சீட்டில் பி.ஐ., ஏ.எஸ்., ஐ.என்., இ.எக்ஸ். என்று எழுதுவார்கள். பி.ஐ. என்றால் இலியத்தின் பின்மேல் முனை பின்னாலும் கீழேயும் போயிருக்கிறது என்று பொருள், ஏ.எஸ். அதற்கு நேர்மாறு. ஐ.என். நடுக்கோட்டை நோக்கி, இ.எக்ஸ். நடுக்கோட்டை விட்டு வெளியே. டிஜார்னெட் என்பவர் உருவாக்கிய முறையில் இடுப்புக்கு அடியில் ஆப்பு வடிவத் திண்டுகளை வைத்துப் படுக்க வைப்பார்கள். தாம்ஸன் முறையில் மேசையின் ஒரு பகுதி அழுத்தும்போது "டக்" என்று சில மில்லிமீட்டர் கீழே இறங்கும்.

ஒரே நோயாளி, மூன்று முறைகள், மூன்று விதமான பெயரிடல். பெயர் எதுவாக இருந்தாலும் கீழே இருக்கும் மூட்டு அதே 2.5 பாகை மூட்டுதான்.

என் ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது என்றார்கள். அது இடுப்பு சுழன்றதால் தானே?

இலியம் பின்னோக்கிச் சுழன்றால் தொடை எலும்பு பொருந்தும் குழி சற்று மேலே போகும், அதனால் கால் குட்டையாகத் தெரியும் என்பது வாதம். வடிவக் கணக்குப்படி தவறில்லை. அளவைப் போட்டுப் பார்க்கும்போதுதான் சிக்கல். மூட்டின் அச்சிலிருந்து தொடைக்குழி 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 2 பாகை சுழன்றால் குழி நகரும் வில்லின் நீளம் சுமார் 3.5 மில்லிமீட்டர். அதிலும் ஒரு பகுதி முன்பின்னாகப் போய்விடும். மேல் நோக்கி வருவது இன்னும் குறைவு. மேசையில் குப்புறப் படுக்க வைத்து "ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை" என்று காட்டுகிறார்களே, அது எஸ்.ஐ. மூட்டிலிருந்து வந்திருக்க வழியே இல்லை.

வேறு எங்கிருந்து வருகிறது? இடுப்புக்கு மேலே உள்ள பக்கவாட்டுத் தசை ஒரு பக்கம் இறுகியிருக்கலாம். படுத்த விதம் கோணலாக இருக்கலாம். செருப்பின் தேய்மானம், பிடிக்கும் கையின் இழுப்பு என்று சிறு சிறு காரணங்கள் பல. எலும்பின் நீளமே உண்மையில் வேறுபடுவதும் மிகச் சாதாரணம்: எக்ஸ்ரே அளவீடுகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டு ஆய்வுரை ஒன்று, சுமார் 90 சதவீதம் பேருக்கு ஏதாவது அளவில் கால் நீள வேறுபாடு இருக்கிறது, சராசரி 5.2 மில்லிமீட்டர் என்று கண்டது. 20 மில்லிமீட்டரை நெருங்கும்போதுதான் அது பெரும்பாலோருக்குப் பொருட்படுத்த வேண்டிய விஷயமாகிறது.

எக்ஸ்ரேயிலேயே கோணலாகத் தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். மனித இடுப்பு இரு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதில்லை. 2008-ல் 30 சடலங்களின் இடுப்பெலும்புகளை அளந்தபோது, முன்மேல் முனைக்கும் பின்மேல் முனைக்கும் இடைப்பட்ட சாய்வு 0 முதல் 23 பாகை வரை ஆளுக்கு ஆள் மாறியது. ஒரே ஆளின் வலத்துக்கும் இடத்துக்கும் இடையே 11 பாகை வரை வேறுபாடு இருந்தது. எலும்பின் வடிவமே அப்படி. அந்த வடிவத்தை "சுழற்சி" என்று படித்தால், பிறவியிலேயே இருக்கும் அமைப்புக்குச் சிகிச்சை செய்துகொண்டிருப்போம். எக்ஸ்ரே எடுக்கும்போது ஒரு காலில் கொஞ்சம் அதிகம் எடை போட்டு நின்றாலும் படம் சாயும்.

கட்டைவிரலை வைத்து அசைவைப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனை நம்பகமானதா?

ஒரு காலில் நின்று மறுகாலை மடக்கச் சொல்லி, பின்மேல் முனை கீழிறங்குகிறதா என்று பார்ப்பது கில்லெட் சோதனை. குனியச் சொல்லி எந்தப் பக்கம் முதலில் மேலேறுகிறது என்று பார்ப்பது இன்னொன்று. ஒரே நோயாளியை இரண்டு தேர்ந்த சிகிச்சையாளர்கள் தனித்தனியாகச் சோதித்தால் பல நேரம் விடை ஒத்துப்போவதில்லை. இதைப் பல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. தோலும் கொழுப்பும் விரலுக்கு அடியில் வழுக்கும். தொடை மூட்டும் கீழ்முதுகும் சேர்ந்து அசையும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வை இவற்றின் ஊடாகப் பிரித்து உணர்வது யாருக்கும் கடினம்தான். சிகிச்சையாளரின் திறமையைக் குறைத்துச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அட்ஜஸ்ட்மென்ட் (கையால் வேகமாக அழுத்தும் சிகிச்சை) செய்தபோது "டப்" என்று சத்தம் கேட்டது. எலும்பு உள்ளே போய் உட்கார்ந்த சத்தம்தானே அது?

இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைந்து வாயுக்குழி உருவாகும்போது வரும் சத்தம் அது. விரல் சொடுக்கும்போது இதே விஷயம் நடப்பதை 2015-ல் எம்.ஆர்.ஐ. காணொளியாகவே பதிவு செய்தார்கள். இடுப்பைக் குறிவைத்து அழுத்தினாலும் சத்தம் பல நேரம் அருகிலுள்ள கீழ்முதுகு மூட்டுகளிலிருந்தே வருகிறது. சத்தம் வராவிட்டால் சிகிச்சை தோற்றுவிட்டது என்றும் இல்லை.

எலும்பு நகர்ந்ததா என்பதையும் நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். 1998-ல் டுல்பெர்க் என்பவரும் குழுவினரும், மேலே சொன்ன அதே குண்டு பதிக்கும் முறையில், 10 நோயாளிகளுக்கு அட்ஜஸ்ட்மென்டுக்கு முன்னும் பின்னும் எலும்பின் நிலையை அளந்தார்கள். கையால் செய்த சோதனைகளில் "கோணல்" என்று வந்தவை சிகிச்சைக்குப் பிறகு "சரி" என்று மாறின. எலும்பின் நிலை ஒருவருக்கும் மாறவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்தத் துறையில் இதைவிடக் கூர்மையான ஒரு ஆய்வை நான் படித்ததில்லை. கைச்சோதனை எதையோ பிடிக்கிறது, அட்ஜஸ்ட்மென்ட் எதையோ மாற்றுகிறது, ஆனால் அந்த "எதையோ" எலும்பின் இருப்பிடம் அல்ல.

பிறகு ஏன் எனக்கு வலி குறைந்தது?

வேகமான சிறு அழுத்தம் மூட்டையும் தசையையும் சுற்றியுள்ள உணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது. தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச் சமிக்ஞை கையாளப்படும் விதம் கொஞ்ச நேரத்துக்கு மாறுகிறது. இறுகிப்போன தசை தளர்கிறது. "அசைத்தால் ஆபத்து" என்று உடல் போட்டிருந்த காவல் குறைந்து நீங்கள் இயல்பாக நடக்க ஆரம்பிக்கிறீர்கள். அந்த நடையே அப்புறம் மருந்தாகிறது. இதோடு, நம்பிக்கையான ஒருவர் கை வைத்துப் பார்த்ததன் பலனும், முதுகுவலி பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் தணியும் என்ற இயற்கையும் சேர்ந்துகொள்கின்றன. எது எவ்வளவு என்று ஒரு தனி ஆளிடம் பிரித்துச் சொல்ல முடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட நாட்பட்ட கீழ்முதுகுவலி வழிகாட்டுதலில், உடற்பயிற்சி போன்றவற்றோடு முதுகெலும்பு மானிப்புலேஷனும் (கையால் அழுத்தும் இதே வகைச் சிகிச்சை) பரிசீலிக்கத்தக்க முறைகளில் ஒன்றாக இருக்கிறது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் அதை உடற்பயிற்சியோடு சேர்ந்த ஒரு பகுதியாக மட்டுமே ஏற்கிறது. தனித்து நிற்கும் அற்புத சிகிச்சையாக இரண்டுமே சொல்லவில்லை.

என் வலி எஸ்.ஐ. மூட்டிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாட்பட்ட கீழ்முதுகுவலியில் ஏறக்குறைய 15 முதல் 30 சதவீதம் வரை இந்த மூட்டின் பங்கு இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வலி எங்கே என்று கேட்டால் ஒற்றை விரலால் பின்னிடுப்பின் தோலில் தெரியும் குழிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, திரும்பத் திரும்ப ஒரே இடத்தைக் காட்டுவது ஒரு நல்ல அறிகுறி. புட்டத்துக்கும் தொடைக்கும் பரவலாம், சில நேரம் முழங்காலுக்குக் கீழேயும் போகலாம். இடுப்புக்கு மேலே முதுகின் நடுவில் வலித்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

அடுத்த கட்டம், மூட்டை வேண்டுமென்றே அழுத்தி, உங்களுக்குப் பழக்கமான அதே வலி வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள். முன்பக்க முனைகளை விரித்து அழுத்துவது, பக்கவாட்டில் அமுக்குவது, மடக்கிய தொடை வழியாகக் கீழே தள்ளுவது, சாக்ரத்தை நேராக அழுத்துவது, ஒரு காலை மேசைக்கு வெளியே தொங்கவிட்டு மறுகாலை நெஞ்சோடு சேர்ப்பது. 2005-ல் லாஸ்லெட் குழுவினர், இவற்றில் மூன்று அல்லது அதற்கு மேல் வலியைக் கிளப்பினால் மூட்டின் மேல் சந்தேகம் வலுக்கிறது என்று காட்டினார்கள். பிந்தைய ஆய்வுத் தொகுப்புகளில் எண்கள் அவ்வளவு பளிச்சென்று வரவில்லை. ஆனாலும் "எந்தப் பக்கம் சுழன்றிருக்கிறது" என்று தேடும் சோதனைகளைவிட "எது வலியைக் கிளப்புகிறது" என்று தேடும் சோதனைகள் எவ்வளவோ மேல். அறுவை சிகிச்சை போன்ற பெரிய முடிவுக்கு முன்னால், படக்கருவியின் வழிகாட்டலில் மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்தி வலி அடங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

இடுப்பு முன்னால் சாய்ந்திருப்பது கோளாறா?

வலியே இல்லாத 120 பேரை அளந்த ஒரு ஆய்வில் ஆண்களில் 85 சதவீதமும் பெண்களில் 75 சதவீதமும் முன்சாய்வோடுதான் இருந்தார்கள். கண்ணாடி முன் நின்று கவலைப்பட வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் வரும் இடுப்பு வலியும் இதுதானா?

கர்ப்பிணிகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி வருகிறது. ரிலாக்சின் போன்ற ஹார்மோன்களால் லிகமென்ட்கள் இளகுவது உண்மை. ஆனால் ரத்தத்தில் ரிலாக்சின் அளவுக்கும் வலியின் கடுமைக்கும் சீரான தொடர்பு கிடைக்கவில்லை. முன்பக்கப் பூப்பெலும்பு இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர்; கர்ப்பத்தில் இன்னும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை விலகல் என்று மருத்துவம் கணக்கில் எடுக்கிறது.

இங்கே ஒரு எளிய சோதனை பயன்படும்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் தூக்குங்கள். கால் கல்லாகக் கனத்து, யாராவது இடுப்பை இரு பக்கமும் சேர்த்து அமுக்கும்போது மட்டும் எளிதாகத் தூக்க முடிந்தால், தசைப் பூட்டு போதவில்லை என்று ஊகிக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு இடுப்புப் பெல்ட் உதவும். அதை இடுப்பின் மேல் விளிம்பில் கட்டாமல், தொடையின் பக்கவாட்டு எலும்பு முடிச்சுக்குச் சற்று மேலே கட்ட வேண்டும். மூச்சு முட்ட இறுக்கத் தேவையில்லை. மிதமான இழுப்பே போதும். பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் வலி அடங்கிவிடுகிறது. கர்ப்ப காலத்தில் யாரிடம் சிகிச்சைக்குப் போனாலும் உங்கள் மகப்பேறு மருத்துவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

நிஜமாகவே எலும்பு விலகுவது நடக்கவே நடக்காதா?

நடக்கும். வாகன விபத்து, உயரத்திலிருந்து விழுதல் போன்றவற்றில் வளையம் உடைந்து எஸ்.ஐ. மூட்டு திறந்துகொள்வது உண்டு. அரிதாகப் பிரசவத்திலும் பூப்பெலும்பு இணைப்பு பெரிதாகப் பிளக்கலாம். அப்படி நடந்தவரால் மேசைக்கு நடந்து வந்து படுக்க முடியாது. அது அவசரச் சிகிச்சைப் பிரிவின் வேலை.

யார் அட்ஜஸ்ட்மென்ட் செய்துகொள்ளக் கூடாது?

எலும்பின் அடர்த்தி மிகவும் குறைந்தவர்கள் (ஆஸ்டியோபொரோசிஸ்), எலும்பு முறிவு உள்ளவர்கள், புற்றுநோய் இருந்தவர்கள், காய்ச்சலோடு முதுகுவலி உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வராமை அல்லது அடக்க முடியாமை, இரண்டு கால்களும் பலமிழத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறையும், ஒரு நாள் இடது புட்டம், இன்னொரு நாள் வலது புட்டம் என்று மாறி மாறி வரும், பின்னிரவில் எழுப்பிவிடும். இது அழற்சியால் வரும் முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். அந்த நோய் பெரும்பாலும் முதலில் பிடிப்பது எஸ்.ஐ. மூட்டைத்தான். எம்.ஆர்.ஐ.யும் எச்.எல்.ஏ.-பி27 ரத்தப் பரிசோதனையும் வழி காட்டும், மருந்தும் இருக்கிறது. இவர்களை "விலகல்" என்று சொல்லி வருடக்கணக்கில் மேசையில் படுக்க வைப்பதுதான் இந்த விளக்கத்தால் வரும் மிகப் பெரிய கேடு என்பேன்.

சாதாரணமானவர்களுக்கு அட்ஜஸ்ட்மென்டுக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு வலி இருப்பது சகஜம்.

மாதம் ஒரு முறை "சரிபார்த்துக்கொள்ள" வரச் சொல்கிறார்களே?

எலும்பு மீண்டும் மீண்டும் விலகுகிறது என்ற காரணத்துக்காக என்றால், தேவையில்லை. நான்கைந்து முறை போயும் நடப்பது, உட்காருவது, தூங்குவது எதுவும் தேறவில்லையென்றால் அதே சிகிச்சையை நீட்டிப்பதில் பொருள் இல்லை. நோயறிதலை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தேறிவிட்டால், அடுத்த வேலை தசைகளுடையது.

வீட்டில் என்ன செய்யலாம்?

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குவது நல்ல தொடக்கம். அது எளிதான பின், ஒற்றைக் காலில். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, மேலே சொன்ன குறுக்குத் தசைக் கூட்டணியை நேரடியாக வேலை வாங்கும். வலி பத்துக்கு மூன்று, நான்குக்குள் இருந்து மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம்.

வலி கடுமையான நாட்களில் ஒற்றைக் காலில் நின்றபடி கால்சட்டை மாட்டுவது, ஒரே காலில் சாய்ந்து நிற்பது, இரண்டிரண்டு படியாக ஏறுவது ஆகியவற்றைச் சில நாள் தள்ளி வையுங்கள். பக்கவாட்டில் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் மேல் கால் இடுப்பை முறுக்காது. முழு ஓய்வு வேண்டாம்; படுத்தே கிடந்தால் மூட்டைப் பிடித்திருக்கும் தசைகள்தான் முதலில் இளைக்கும்.

கைரோபிராக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

"எந்தப் பக்கம் விலகியிருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "எந்த அழுத்தத்தில் என் வலி கிளம்புகிறது, அழற்சி நோய் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள், எத்தனை வாரத்தில் என்ன முன்னேற்றம் எதிர்பார்க்கலாம், நான் செய்ய வேண்டிய பயிற்சி என்ன?" என்று கேளுங்கள். நல்ல கைரோபிராக்டர்கள் பலர் இப்போது "விலகல்" என்ற சொல்லையே விட்டுவிட்டு, மூட்டு எரிச்சல் என்றோ அசைவுக் குறைபாடு என்றோ பேசுகிறார்கள். பயிற்சியையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே எக்ஸ்ரேயில் கோடு போட்டுக் காட்டி, நாற்பது முறைக்கு முன்பணம் கேட்பவரிடம் வீட்டில் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து வந்துவிடலாம்.